மாவு மில்காரரின் கடைவாய்ப் பல்

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் மோலி, ஜூலை மாதத் தூறலில் தன் வீட்டு வாசல்படியிலேயே சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் ஏசுதாஸ் காலையில் ரயில்வே பணிமனைக்குப் போய்விடுவார். மகள் சில்வியா காலேஜுக்குப் போய்விடுவாள். நாள் முழுக்க ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் இருந்து பழகியவளுக்கு வீட்டின் அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ஸப்பில் வந்த காலை வணக்கங்களே திரும்பத் திரும்ப வந்தன.

அப்புறம் கட்டுக்குள் அரிப்பு ஆரம்பித்தது. கை போகாத இடம். போனில் ஆங்கிலத்தில் தேடினாள். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் பக்கங்களோ வந்தன. எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தது. கடைசி வரி எல்லாவற்றிலும் ‘மருத்துவரை அணுகவும்’. கன்னடத்தில் தேடினால் களிம்பு விளம்பரம். மோலி படித்தது கன்னட மீடியம். தமிழ் எழுத்தைச் சர்ச்சில், பைபிளிலும் பாட்டுப் புத்தகத்திலும்தான் அவள் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் அரிப்பு தாங்காமல், எழுத்தைத் தேடித் தேடி அழுத்தி ‘மாவுக்கட்டு அரிப்பு’ என்று அடித்தாள்.

வெள்ளையாக, விளம்பரம் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் வந்தது. மேலே ‘மாவு மில் கரியப்பன், கௌதள்ளி’ என்று இருந்தது. கட்டுரையின் தலைப்பு ‘மாவு மில்காரனுக்கே மாவுக்கட்டு’.

“ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறியாதீர்கள். நான் விட்டேன். பாதி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கட்டைப் பிரித்த டாக்டர் குச்சியை எடுத்து, இது எலும்பு இல்லையே என்று என் சம்சாரத்திடம் காட்டினார். அதற்குப் பதிலாக, நல்ல காலில் அதே இடத்தைச் சொறிந்து பாருங்கள். மூளை ஒரு முட்டாள். நம்பிவிடும்.”

மோலி அப்போது கையில் வைத்திருந்தது ஈர்க்குச்சிதான். அதைக் கீழே போட்டுவிட்டு கட்டில்லாத இடது காலைச் சொறிந்தாள். மூளை நம்பியதா, சிரிப்பில் அரிப்பு மறந்துபோனதா தெரியவில்லை, ஆனால் நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் கரியப்பன் எழுதியதில் பெரும்பகுதியைப் படித்துவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படித்தவளுக்குப் போகப்போக வேகம் வந்துவிட்டது. மில் ஓடுகிற நேரத்தில் யார் பேசினாலும் காது கேட்காது, அதனால்தான் எழுதுகிறேன் என்று ஓரிடத்தில் அவர் சொல்லியிருந்தார். ராகி அரைக்க வருகிறவர்கள், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் சீட்டு பிடிக்கும் வித்தை, மனைவியோடு போட்டு எப்போதும் தோற்கிற சண்டைகள் என்று எல்லாம் அதில் இருந்தன.

பக்கத்தின் ஓரத்தில் ‘நான் படிக்கிறவர்கள்’ என்று சில பெயர்கள் இருந்தன. மறுநாள் மோலி அவற்றுக்குள் போனாள். மேட்டூரில் கமலம்மாள் என்றொருவர் தன் தெரு நாய்களைப் பற்றி மட்டுமே வருஷக்கணக்காக எழுதிவந்தார். எந்த நாய் எந்த நாயோடு பேசுவதில்லை, எது தபால்காரரை விட்டுவிட்டு கேஸ்காரரை மட்டும் துரத்துகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. லாரி ஓட்டும் சேகரன் மலைப்பாதை டீக்கடைகளைப் பற்றி எழுதினார். மேல்கோட்டை யக்ஞநாராயணன் தன் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு கொண்டுபோன கதையைத் தங்கள் வீட்டில் பேசும் கன்னடம் கலந்த ஐயங்கார்த் தமிழில் எழுதியிருந்தார். வாய்விட்டுப் படித்தால்தான் மோலிக்குப் புரிந்தது. இன்னொருவர் மழை பெய்த நாட்களில் மட்டும் நான்கு வரி எழுதுவார். பெயர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. போன வருஷ மழையோடு அது நின்றிருந்தது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்று மோலிக்குக் கவலையாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் இதையெல்லாம் சொன்னபோது ஏசுதாஸ் பொறுமையாகக் கேட்டார். இதனால் அவங்களுக்கு என்ன கிடைக்குது என்று கேட்டார். அவங்களுக்கு என்னவோ, எனக்குக் கிடைக்குதே என்றாள் மோலி.

படித்துவிட்டுச் சும்மா போவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கரியப்பனின் பக்கத்தில், தனக்குத் தெரிந்த எழுத்துத் தமிழில் இப்படி எழுதினாள்: “தங்கள் வார்த்தைகளை வாசித்து மிகவும் களிகூர்ந்தேன். தங்கள் கால் என்றென்றும் திடமாயிருப்பதாக.” சாயங்காலம் பதில் வந்திருந்தது. “அம்மா, வணக்கம். தாங்கள் மதர் சுப்பீரியரா?”

மோலி சிரித்துத் தீர்த்தாள். மதர் இல்லை, மைசூரில் பல் ஆஸ்பத்திரியில் வேலை, தமிழ் கற்றது சர்ச்சில் என்று விளக்கினாள். அதற்கப்புறம் பேசுவதுபோலவே எழுத ஆரம்பித்தாள். கமலம்மாளின் நாய்களைத் தனித்தனியாக நலம் விசாரித்தாள். சேகரனிடம் எந்தக் கடையில் இஞ்சி போடுவார்கள் என்று கேட்டாள். கட்டுப் பிரித்து, கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிய பிறகும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவாள்.

செப்டம்பரில் கரியப்பன் ஒரு புதுக் கட்டுரை போட்டார். கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுப்போய் உயிரை வாங்குகிறது; கொள்ளேகாலுக்கு டாக்டரைப் பார்க்கப் போவதும் ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுமாக இருக்கிறேன்; என் சம்சாரம் இப்போது என்னைப் பார்த்தால் கேட்டுக்குத்தான் வைத்தியமா என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தார். கீழே ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். கிராம்பு, உப்புத் தண்ணீர், கொய்யா இலை. மோலி மட்டும், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், டாக்டர் அனகாவுக்குப் பூப்போன்ற கை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று எழுதினாள்.

அவர் வந்துவிட்டார். எழுத்தை வைத்து, சத்தமாகப் பேசுகிற பருத்த மனிதர் ஒருவரை மோலி எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் ஒல்லியாக, வீங்கிய கன்னத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னார். மோலி தன் பெயரைச் சொன்னதும் கும்பிட்டார். மூலையில் உட்கார்ந்து, சுவரில் இருந்த பல் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். அவர் முறை வந்து மோலி கூப்பிட்டபோது நாற்காலி காலியாக இருந்தது.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்ப்பக்கம் மரத்தடியில், இளநீர் வண்டிக்குப் பின்னால் அவர் ஒதுங்கி நின்றிருந்தார். கையில் வாங்கிய இளநீர் குடிக்காமலே இருந்தது.

“கரியப்பண்ணா, டாக்டர் கூப்பிடறாங்க” என்றாள் மோலி.

“ஏனுங்க, இப்ப ஒரு பஸ் இருக்குதுங்க. அடுத்த வாரம் வந்தர்றேனுங்க.”

“அடுத்த வாரமும் இதே பல்லுதானே வலிக்கும்?”

அவர் தலைகுனிந்து சிரிக்கப் பார்த்தார். கன்னம் விடவில்லை. “எழுதறப்ப எனக்கு எதுக்கும் பயமில்லீங்க. நேர்ல வந்தாத்தான் கால் தானா வெளிய போயிருதுங்க” என்றார்.

மோலி கைத்தடியை மாற்றி ஊன்றிக்கொண்டாள். “அப்ப எழுதுங்க. இங்கயே நின்னு எழுதிப் போடுங்க. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் உள்ள படிச்சுக் காட்டறேன்.”

அவர் இளநீரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். விரல் வேகமாக ஓடியது. “மைசூரில் இருக்கிறேன். எதிரே ஆஸ்பத்திரி. பின்னால் பஸ் ஸ்டாப். நடுவில் மோலியம்மா நிற்கிறார்.” அனுப்பிவிட்டு, வேறு வழியில்லாதவர்போல் அவள் பின்னால் ரோட்டைத் தாண்டி வந்தார்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறு மரக்கக் காத்திருந்த நேரத்தில் மோலி அவர் போனை வாங்கிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். பதில்கள் வரத் தொடங்கியிருந்தன. சேகரன் எங்கோ லாரியை ஓரங்கட்டிவிட்டு எழுதியிருந்தார்: “அண்ணே, நான் திம்பம் இறக்கத்துல பிரேக் பிடிக்காம வந்து பொழைச்சவன். வாயைத் திற.” கமலம்மாள், தன் தெருவில் பூசாரி என்று பெயருள்ள நாய்க்கு நேற்று ஊசி போட்டதாகவும், அது டாக்டரைக் கடிக்கவில்லை, நீங்களும் கடித்துவிடாதீர்கள் என்றும் எழுதியிருந்தார். யக்ஞநாராயணன், பல்லை வாங்கி அனுப்பினால் தன் கண்ணாடி வைத்திருக்கும் குரங்கிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று விசாரித்திருந்தார்.

நாற்காலியில் படுத்திருந்தவரின் வயிறு குலுங்கியது. என்ன விஷயம் என்று டாக்டர் அனகா கேட்டார். மோலி கன்னடத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாய் விஷயம் வந்ததும் டாக்டர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு முகக்கவசத்துக்குள் சிரித்தார். பிறகு தன்னைச் சரிசெய்துகொண்டு, இனிமேல் கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கரியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மோலி அவர் தோளில் கை வைத்தாள்.

“ஆய்த்து” என்றார் டாக்டர்.

எப்போது பிடுங்குவார்கள் என்று கரியப்பன் கையால் கேட்டார். மோலி தட்டைக் காட்டினாள். பல் அதில் கிடந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் போனை வாங்கி ஒரே வார்த்தை அடித்தார்: “அவ்வளவுதானா?” அதை மோலிக்கும் காட்டினார், டாக்டருக்கும் காட்டினார். அப்புறம் எல்லாருக்கும் அனுப்பினார்.

அடுத்த வாரம் வந்தது அவர் எழுதிய முழுக் கட்டுரை. அதில் மோலி கைத்தடியை ஓங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்ததாகவும், இளநீர்க்காரர் பயந்து வண்டியை நகர்த்தியதாகவும் இருந்தது. ஊன்றி நடந்த தடி அது, ஓங்கவே இல்லை. இளநீர்க்காரர் அசையவும் இல்லை. மறுத்து எழுத உட்கார்ந்தாள். எழுத எழுத அது நீண்டுகொண்டே போய், பின்னூட்டப் பெட்டியில் அடங்காது என்று தெரிந்தது. சில்வியாவைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு பக்கம் திறந்து கொடு என்றாள். தமிழ் படிக்கத் தெரியாத சில்வியா எல்லாவற்றையும் அமைத்துக்கொடுத்துவிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். பாதியிலேயே சோபாவில் சரிந்து சிரித்தாள். பக்கத்துக்கு ‘காத்திருக்கும் இடம்’ என்று மோலி பெயர் வைத்தாள். அன்றைக்கே கரியப்பன் தன் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டார். “தடி பற்றி இரு தரப்பும் கேட்டு முடிவு செய்யவும்” என்று கீழே ஒரு குறிப்பு. சேகரன் மோலி பக்கம். கமலம்மாள் இளநீர்க்காரரை விசாரிக்க வேண்டும் என்றார்.

டாக்டர் அனகாவும் கதை கேட்பதை அதோடு விடவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மோலியின் மேசைக்கே வந்துவிடுகிறார். மோலி தமிழில் படித்து, கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போவாள். போன வாரம் கமலம்மாளின் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டது. எத்தனை, எங்கே, யார் முதலில் பார்த்தது என்று மோலி சொல்லிக்கொண்டிருந்தபோது, சீக்கிரமே வந்து காத்திருந்த நோயாளி ஒருவர் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தமிழா கன்னடமா என்று மோலி அவரைக் கேட்டாள். எதிலானாலும் சரி, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார் அவர்.