அறிக்கையில் இருந்த பெயர்

தோல் பைக்குக் கைப்பிடி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான், தன் பெயர் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிற விஷயம் ஃபர்ஸானாவுக்குத் தெரிந்தது. கரீம் பாட்சா மேலே இருந்து ஏணி வழியாக இறங்கி வந்து அவள் மெஷின் மேல் போனை வைத்தார். பட்டறை அவருடையது. அவளுடைய அக்கா மெஹராஜைக் கட்டியவர்.

"இது நீதானே?"

திரையில் ஆங்கிலம். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். தன் பெயரையும் பட்டறையின் பெயரையும் கண்டுகொள்ள அது போதும்.

"நாந்தான் மச்சான்."

"அந்தத் தீ விபத்துக் கமிட்டிகிட்ட சொன்னதா?"

"ஆமா."

அவர் போனை எடுத்துக்கொண்டு, வாசலில் டெம்போவில் சரக்கு ஏற்றுவதைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் வீட்ல இரு. மொதலாளி சங்கத்துக்காரங்க வந்து போய்ட்டிருக்காங்க. ஒன்னப் பாத்தா பேச்சு வளரும்" என்றார்.

நான்கு வருஷத்துக்கு முன், தாராவியில் அதே சந்தில், பக்கத்துப் பட்டறையில் தீப்பிடித்தது. பசை டின்னில் பற்றிய நெருப்பு. முன்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். பின்கட்டில் தோல் வெட்டிக்கொண்டிருந்த வெயிலுமுத்து மட்டும் வரவில்லை. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அந்தப் பட்டறை முதலாளி போலீசில் சொன்னார். அதுவே பேச்சாகி, போகப் போக அதுவே உண்மையாகவும் ஆகிவிட்டது. முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு தாணேக்குப் போய்விட்டார்.

ஃபர்ஸானாவுக்கு அது உண்மை இல்லை என்று தெரியும். அன்றைக்கு அவள் பின்சந்துக் குழாயில் சாப்பாட்டு டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டறையின் பின்கதவு உள்ளேயிருந்து தட்டப்படுவதைக் கேட்டாள். கதவில் வெளியே பூட்டு தொங்கியது. சரக்குத் திருடு போகும் என்று சந்தில் எல்லா முதலாளிகளுமே வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி வைப்பது வழக்கம். அவள் போட்ட கூச்சலில் கரீம் பாட்சா இரும்புக் கம்பியோடு ஓடி வந்து பூட்டை அடித்தார். பூட்டு தெறிப்பதற்குள் புகை இருவரையும் தள்ளிவிட்டது. தட்டும் சத்தமும் நின்றுபோனது.

கரீம் பாட்சா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி உன் கதவுக்குத்தான் வரும் என்று முதலாளிகள் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். தன் பின்கதவை ஒரு வாரம் திறந்து போட்டிருந்தார். பிறகு இரண்டு சுருள் தோல் காணாமல் போனதும் மறுபடி பூட்டினார்.

அரசாங்கம் விசாரணைக் குழு போட்டபோது ஃபர்ஸானா போய் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்துக் கதவைப் பற்றியும் சொன்னாள், தான் வேலை செய்யும் இடத்துக் கதவைப் பற்றியும் சொன்னாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. "உங்க பேர் வெளிய வராதும்மா. நீங்களும் இங்க சொன்னதை அறிக்கை வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. விசாரணை கெட்டுப்போகும்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஒரு மாசத்தில் வரும் என்று அவள் நினைத்தாள். வரவே இல்லை. குழு எழுதியதை முத்திரை குத்தி, ரகசியம் என்று எங்கோ வைத்துவிட்டார்கள்.

வெயிலுமுத்துவின் மனைவி பிரேமலதா, பெண் குழந்தையோடு செம்பூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கு முன் அவளும் ஃபர்ஸானாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது பிரேமலதா சொன்னாள்: "எல்லாரும் சொல்லிச் சொல்லி, குடிச்சிருப்பாவளோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிட்டு பர்ஸானா." அன்றைக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. அறிக்கை வரட்டும், அதுவே சொல்லும் என்று விழுங்கிக்கொண்டாள்.

இப்போது அறிக்கை வந்துவிட்டது, அரசாங்கம் வெளியிட்டு அல்ல. உள்ளே இருந்த யாரோ எடுத்து ஒரு செய்தித்தளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தளம் ஒரு வரி விடாமல் அப்படியே போட்டுவிட்டது.

வீட்டில் இருந்த நாட்களில் ஃபர்ஸானா டிவி பார்த்தாள். இந்தியிலும் மராத்தியிலும் கோட்டுப் போட்டவர்கள் சண்டை போட்டார்கள். அரசாங்க ரகசியத்தை வெளியே விட்டவன் திருடன், அவனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்றார் ஒருவர். மறைத்து வைத்தவன்தான் திருடன் என்றார் இன்னொருவர். நாளைக்கு ராணுவ ரகசியமும் இப்படித்தான் போகும் என்று மூன்றாவது ஆள் குதித்தார். கடைசி வரை யாரும் கதவைப் பற்றிப் பேசவில்லை.

அக்கா மெஹராஜ் ஒரு தடவை போன் செய்தாள். "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா? நம்ம வீட்டுச் சங்கதிய எவனோ போன்ல காட்டி அவுக தெரிஞ்சிக்கணுமா?" ஃபர்ஸானா பதில் யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

பிரேமலதாவிடமிருந்து போன் வரவில்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது.

நான்கைந்து நாள் கழித்து, அறிக்கையை வெளியிட்ட நிருபர் போனில் கூப்பிட்டாள். பெயர் சைனப். முலுண்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சில் பாதி இந்தி.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை மாட்டுங்கால ஒரு கூட்டம். இந்த மாதிரி சீக்ரெட் டாக்குமெண்ட்டை வெளிய விடலாமா கூடாதான்னு டிபேட். நீங்க வந்து பேசினா..."

"எம்பேர எதுக்கும்மா போட்டே?"

"ஒரு வார்த்தை மாத்தினாலும் போலின்னு சொல்லிடுவாங்கன்னு பயந்தோம். அதான் முழுசா போட்டோம். அடுத்த நாளே பேரெல்லாம் மறைச்சாச்சு ஆன்ட்டி. அதுக்குள்ள காப்பி எல்லா எடத்துக்கும் போயிடுச்சு. கல்தி ஹோ கயி. என் தப்புதான்."

தப்பு என்று நேராக ஒப்புக்கொள்ளும் ஆளிடம் என்ன சண்டை போடுவது என்று ஃபர்ஸானாவுக்குத் தெரியவில்லை. "நான் பேச மாட்டேன். ஒக்காந்து கேக்கேன்" என்றாள்.

மாட்டுங்காவில் அந்தக் கூடத்தில் நல்ல கூட்டம். ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தாராவியிலிருந்து வந்த சிலர். ஃபர்ஸானா கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். முன்வரிசையில் பிரேமலதாவின் பின்னந்தலையைப் பார்த்ததும் அவளுக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

மகாதேவன் முதலில் பேசினார். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர், பல விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்தவர். குரலை உயர்த்தவே இல்லை.

"சாதாரண ஜனங்க எங்ககிட்ட வந்து உண்மையைச் சொல்றது, நாங்க கொடுக்கிற ஒரே ஒரு வாக்கை நம்பித்தான். உங்க பேர் வெளிய வராதுங்கற வாக்கு. அந்த அறிக்கையில ஒரு அம்மா சாட்சி சொல்லியிருக்கா. தான் வேலை பாக்கற முதலாளியைப் பத்தியே சொல்லியிருக்கா. எவ்வளவு தைரியம் வேணும்! இன்னிக்கு அவ வேலை என்ன ஆச்சு, தெரியுமா யாருக்காவது? அடுத்த தடவை ஒரு குழு உட்காந்தா யார் வந்து வாயைத் திறப்பா?"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஃபர்ஸானாவும் ஆட்டினாள். தன்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

சைனப் எழுந்தாள். பெயர்களைப் போட்டது தவறு என்று முதலில் சொல்லிவிட்டு, "ஆனா சார், மூணு வருஷம் அந்த அறிக்கை உங்க அலமாரியில இருந்துச்சே, அந்த மூணு வருஷமும் அந்தச் சந்துல எல்லாக் கதவும் பூட்டித்தான இருந்துச்சு? இன்னொரு தீ பிடிச்சிருந்தா அந்த வாக்கை வச்சு என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள். இதற்கும் ஃபர்ஸானாவின் தலை தானாக ஆடியது. இரண்டு பக்கமும் சரி என்றால் மனுஷன் எந்தப் பக்கம் உட்காருவது என்று நினைத்துக்கொண்டாள்.

பார்வையாளர்கள் பேசலாம் என்றதும் பிரேமலதா எழுந்தாள். மைக்கைக் கையில் வாங்கத் தெரியாமல் வாங்கினாள்.

"இத வெளிய விட்டது யாருன்னு எனக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும். எம் புருசன் குடிகாரன் இல்லன்னு அதுல எழுதியிருக்கு. எம்பொண்ணு ஸ்கூல்ல தலநிமிந்து போறா." மகாதேவனைப் பார்த்தாள். "சட்டம் கிட்டம் எனக்குத் தெரியாது. அது கவுருமெண்டு ரகசியம்னு சொல்லுதீய. அது எம் புருசனோட சாவு சார். எங்கிட்ட இருந்து மறைக்கதுக்கு அது யாரோட ரகசியம்?"

மகாதேவன், "உங்ககிட்ட மறைச்சது தப்பு. அதை நான் ஒத்துக்கறேன்மா. சாட்சியோட பேரை மறைக்கறது வேற, அறிக்கையையே மறைக்கறது வேற. எங்க ஆட்கள் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பூட்டிட்டாங்க" என்றார். ஒரு பெரியவர் எழுந்து, அப்படியென்றால் சட்டத்தை மீறினவனுக்கு மாலை போடுவதா என்று கேட்டார். விவாதம் சூடாகித் தணிந்து மறுபடி சூடானது. முடிவு என்று எதுவும் வரவில்லை. நன்றி சொல்லி விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே படிக்கட்டில் பிரேமலதா நின்றுகொண்டிருந்தாள். ஃபர்ஸானாவை உள்ளேயே பார்த்திருக்கிறாள்.

"எத்தன நாளா தெரியும் ஒனக்கு?"

"அன்னைல இருந்தே பிரேமாக்கா."

"கல்யாண வீட்ல எம்பக்கத்துலதான ஒக்காந்திருந்தே."

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. ரிப்போர்ட்டு வந்திரும், வந்திரும்னு பாத்துக்கிட்டே..." அவளுக்கே அது சாக்குப் போலக் கேட்டது. நிறுத்திவிட்டாள்.

பிரேமலதா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டாள்.

"ரொம்ப நேரம் தட்டுனாவளா?"

"இல்லக்கா. கொஞ்ச நேரந்தான்."

"எம்பேரு ஏதாச்சும்..."

"சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. நாங்க கத்துனோம். தொறக்கோம் அண்ணே, தொறக்கோம்னு. அது அவங்களுக்குக் கேட்டிருக்கும். வெளிய ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்."

பிரேமலதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஃபர்ஸானா தொடப் பயந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்சம் கழித்து பிரேமலதாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம் மேல கோவம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பூட்ட ஒடைக்க ஒரு மனுசன் ஓடி வந்தாருன்னு அதுல போட்டிருக்குல்லா? அவரப் பாக்கணும் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் கரீம் பாட்சா பட்டறையில்தான் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிரேமலதா உட்காரவில்லை. கும்பிட்டாள்.

"நீங்க ஓடி வந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும் பாய்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னக் கும்பிடாதம்மா. ஒடைக்க முடியல. அதுகூடப் பெருசில்ல. திரும்பி வந்து எம் பட்டறைக் கதவையும் அதே மாதிரி பூட்டுனேன் பாரு, அது..." ஃபர்ஸானா பக்கம் திரும்பினார். "இத நீ எங்கிட்ட சொல்லியிருந்தா, போடி, வேலையப் பாருன்னு சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அதான் ஒம் மேல ஆத்திரம். நீ அங்க போய்ச் சொன்னதுல இல்ல, எங்கிட்ட சொல்ல முடியாதுன்னு நெனச்சதுல. நெனச்சது சரியாவும் இருந்துட்டு."

"அந்தப் பட்டற மொதலாளி மேல கேஸ மறுபடி எடுக்கச் சொல்லி வக்கீல் எழுதுதாரு" என்றாள் பிரேமலதா. "ஒத்த சாட்சி பத்தாதுங்காரு."

"நான் வாரேன்" என்றார் கரீம் பாட்சா. "எம்பேரப் போட்டே எழுதச் சொல்லு."

அவர் சொன்னபடியே போய் எழுதிக் கொடுத்தார். தாணேயில் இருந்த முதலாளிக்கு நோட்டீஸ் போயிற்று. வழக்கு மெதுவாகத்தான் நகர்கிறது என்றாலும் நகர்கிறது. சங்கத்தில் கரீம் பாட்சாவுக்கு நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார்கள். காட்கோபர் வியாபாரி ஒருவர் ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். அதிகாரிகள் வந்து சந்தில் பல பட்டறைகளைச் சில வாரம் மூடி வைத்தார்கள். அந்த நாட்களில் கூலி இல்லாமல் இருந்தவர்கள் ஃபர்ஸானாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அறிக்கையை வெளியே கொடுத்தவர் என்று ஒரு கடைநிலை ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகப் பேப்பரில் வந்தது. அவர்தானா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. அவருக்குத் தண்டனை கூடாது என்று எழுதிய மனுவில் பிரேமலதா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மகாதேவன் போட மறுத்துவிட்டதாகவும், ஆனால் வழக்குக்கு ஒரு நல்ல வக்கீலைச் சொல்லிவிட்டதாகவும் சைனப் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்ததும் புதிதாக ஒரு குழு வந்தது. இந்தத் தடவை பட்டறைகளில் உபயோகிக்கும் பசை, ரசாயனம் பற்றி. பள்ளிக்கூட அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வரிசையில் ஃபர்ஸானாவுக்கு முன்னால் நின்ற கோமதியம்மாள் திரும்பினாள். பக்கத்துச் சந்தில் பசை தடவும் வேலை, ஓயாத இருமல்.

"பேரு வெளிய வராதுன்னு சொல்லுதாங்க பர்ஸானா. நம்பிச் சொல்லலாமா?"

மாட்டுங்காக் கூட்டத்தில் கேட்ட இரண்டு குரலும் ஃபர்ஸானாவுக்குள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருந்தன.

"சொல்லுங்க" என்றாள். "ஆனா மொதல்ல வீட்ல ஒங்க மகன்கிட்ட சொல்லிட்டு வந்து சொல்லுங்க."

கோமதியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு விலகி, "எடத்தப் பாத்துக்கோ, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.