பதினொரு கதிரைகள்

பலேர்மோ துறைமுகக் கட்டுப்பாட்டறை வேலைக்கான பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் கிருசாந்தினி தன் சகோதரர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்த மறுநாள் காலை, அவளுடைய சமையலறையில் பதினொரு கதிரைகள் நின்றன. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள். கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. ஒவ்வோர் இருக்கையிலும் யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு இருந்தது. லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் தாய் விமலராணி, அவற்றுக்கிடையே பக்கவாட்டாக நடந்து தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அது 2022. கிருசாந்தினிக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்து ஓராண்டு ஆகியிருந்தது. வெளிநாட்டிலுள்ள சகோதரர் விபரம் கேட்ட கட்டத்தில், கூடப் பிறந்த பேனாட்டோடு பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் பத்துப் பேரையும் சேர்த்தே எழுதியிருந்தாள். ஒன்றுவிட்டவர் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவர்களில் மூத்தவன் யோசேப். 2009இல், போரின் கடைசி நாள்களில், ஒன்பது வயதுக்காரியான அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரைக் கடந்தவன். இப்போது மன்னாரில் ஒரு கடற்படை முகாமில் எழுதுவினைஞன்.

இரண்டு ஆண்டுகள் பதில் வரவில்லை. கணினிப் பட்டத்தை அலுமாரியில் வைத்துவிட்டு அவளும் வீடுகளைக் கூட்டித் துடைத்தாள். பிறகு பகேரியாவிலிருந்து தினமும் ரயிலில் வரும், எப்போதும் தடிமன் பிடித்து மூக்குறிஞ்சும் ஓர் அதிகாரி கூப்பிட்டார். பிறப்புப் பதிவில் ஒரு சகோதரன்தான் இருக்கிறான், மற்றப் பத்துப் பேரும் யார் என்று கேட்டார். அவள் விளக்கினாள். படிவம் அவர்களைக் கேட்கவில்லை, வெட்டிவிடுங்கள், அந்த முகாம்காரன் இருக்கும்வரை அனுமதி கிடைக்காது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் பத்துப் பெயர்களையும் வெட்டிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் ஒரு கதிரைதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல யோசேப்புக்கு அழைப்பு எடுத்தாள்.

“அண்ணை, நான் கிருசா.”

“எந்தக் கிருசா? பிழையான நம்பருக்கு எடுத்திட்டியள், மிஸ்.”

மற்ற ஒன்பது பேரும் அதே மரியாதையோடுதான் பேசினார்கள்.

வேலை கிடைக்கட்டும், பிறகு திரும்ப எழுதிக் கொடுக்கலாம் என்றாள் விமலராணி.

“பிறகு எழுதினா, மறைச்சவள் எண்டு கலைப்பினம், அம்மா.”

மூன்றாவது கிழமை, அனுமதிக் கடிதம் மேலிடத்துக் கையெழுத்துக்குப் போயிருந்த நாளில், அவள் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பத்துப் பெயர்களையும் திரும்ப எழுதினாள். அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு முத்திரை குத்தினார். அவள் படியிறங்கும்போதே கைபேசி அடித்தது. யோசேப்.

“என்னடி, மூண்டு கிழமையாச் சத்தத்தைக் காணேல்லை? இத்தாலிக்காரியா மாறினாப் பிறகு எங்களை மறந்திட்டியோ?”

“இல்லை அண்ணை. கொஞ்சம் வேலை.”

மறுப்புக் கடிதம் நான்கு வரியில் வந்தது. இப்போது அவள் நேப்பிள்ஸ் கப்பலுக்குப் பயணச்சீட்டு விற்கும் சாளரத்தில் இருக்கிறாள். அதற்கு அனுமதி தேவையில்லை. மாலையில் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் யோசேப்பின் கதிரையில் உட்கார்ந்துவிடுவாள். பதினொரு கதிரைகளும் மறுபடி அங்கே நிற்கின்றன, சூடு ஆறாமல். குளிர்காலத்தில் தாயும் மகளும் ஹீற்றர் போடுவதில்லை.