திரும்ப மறுத்த பட்டை

திவ்யதர்ஷினியிடம் யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் காரியம் நடந்தே தீரும். பலதுறைத் தொழிற்கல்லூரியின் ரோபோ அணிக்கு அவள்தான் கேப்டன். இந்த முறை போட்டியில் கட்டைகளைத் தள்ளிச் சேர்ப்பதோடு களத்தின் நடுவில் ஒரு மேட்டிலும் ஏறவேண்டும் என்று தெரிந்த அன்றே, சக்கரம் கிடையாது, ராணுவ டாங்கிக்கு இருப்பதுபோல் சங்கிலிப் பட்டைதான் என்று முடிவு கட்டிவிட்டாள். கடையில் விற்கிற பட்டையும் அம்மணிக்குப் பிடிக்கவில்லை. கண்ணி கண்ணியாக 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, தேக்கா பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வந்து, மேட்டில் வழுக்காமலிருக்க ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் துண்டு ஒட்டினாள். அந்தப் பசை வாடை அவள் வீட்டுச் சோற்றில்கூட அடித்தது.

ரோபோவை ஓட்டுகிறவன் ரஃபீக். அடுத்த மாதம் தேசிய சேவையென்று கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போகிறான். இதுதான் அவனுக்குக் கடைசிப் போட்டி. சேர்ந்த நாளிலிருந்து முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. ஒரே ஒரு சுற்று ஜெயித்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

செங்காங்கில் திவ்யா குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்தான் ஒத்திகை. கழுவிக் கழுவி வழவழவென்று ஆகிப்போன தரை. அதில் ரோபோ பம்பரமாகச் சுற்றியது. பலகையைச் சாய்த்து வைத்தால் ஏறி இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். ரஃபீக் மட்டும் தலையைச் சொறிந்தான்.

“போட்டியில ஃபோம் பாய் விரிப்பாங்க திவ்யா. அதுல ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமே?”

“தரைன்னா தரைதான் லா. என்மேல நம்பிக்கை இல்லன்னா நீயே கேப்டனா இரு, சக்கரத்த மாட்டிக்க.”

அவன் ரிமோட்டை எடுத்து ரோபோவை மறுபடி பலகையில் ஏற்றினான்.

போட்டி பூன் லே பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. பயிற்சிப் பாயில் ரோபோவை இறக்கி வலப்பக்கம் திருப்பினான் ரஃபீக். பட்டை திரும்பவேண்டுமென்றால் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கவேண்டும். இந்த ரப்பரோ நுரைப் பாயைக் கவ்விக்கொண்டு வழுக்க மறுத்தது. மோட்டார் முனகியது, சூடேறியது, நின்றுவிட்டது.

“ரப்பரப் பிச்சிடலாம்,” என்றான் ரஃபீக். “மேடு ஏறாது, பரவால்ல. கீழ கெடக்கிற கட்டைங்கள தள்ளியே ஒரு சுத்து தேத்திடலாம்.”

சரியான யோசனை என்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் எரிச்சல் வந்தது. ரப்பரைப் பிய்த்தால் மேடு இல்லை. மேடு இல்லையென்றால் பட்டை எதற்கு? அணியில் அத்தனை பேரிடமும் மல்லுக்கட்டிச் செய்த பட்டை. முதல் வரிசையில் அம்மாவும் சித்தியும் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“நேரா போய் ஏறு, ரிவர்ஸ்ல வா. திருப்பவே வேணாம்.”

குலுக்கலில் அவர்களுக்குத் தொடங்கும் இடமாகக் களத்தின் மூலை விழுந்தது. மேட்டுக்கு நேராக வர, ஒரு தடவையாவது திரும்பியாகவேண்டும்.

“இன்னும் டைம் இருக்கு. பிச்சிடவா?”

“வேணாம்னு சொன்னேன்ல!”

மணி அடித்தது. ரோபோ பாதி திரும்பியது. ஃபியூஸ் போய் அப்படியே நின்றது.

ஆட்டம் முடியும்வரை இருவரும் மஞ்சள் டேப் ஒட்டிய கட்டத்துக்குள்ளேயே நிற்கவேண்டும் என்பது விதி. நின்றார்கள். எதிரணி ரோபோ சக்கரத்தில் குடுகுடுவென்று ஓடி எல்லாக் கட்டைகளையும் அள்ளியது. கூட்டத்தில் யாரோ பாவப்பட்டு இவர்களுக்கும் கை தட்டினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. ரஃபீக் செத்துப்போன ரோபோவுக்கு இன்னும் விசையை அழுத்திக்கொண்டிருந்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

“அன்னிக்கே நீ சண்ட போட்டிருக்கலாம்ல?”

அவன் கோபப்படவில்லை. களத்தைப் பார்த்தபடியே சொன்னான். “உன்கிட்ட சண்ட போடுறதவிட, தோத்துப் போறது ஈசி லா.”

மறுபடி மணி அடித்தது. ரஃபீக் கட்டத்தைத் தாண்டிப் போய் ரோபோவைத் தூக்கிக்கொண்டான். அடுத்த அணி வந்து காத்திருந்தது. நடுவர் இரண்டு முறை கூப்பிட்டும் திவ்யதர்ஷினி கட்டத்தைவிட்டு நகரவில்லை.