புளியங்களம் விலக்கு

ஃபர்ஹீனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திண்டுக்கல்லில் அவள் சொந்தக்காரர்கள் பேசிப் பேசி அலுத்துவிட்டார்கள். தோல் வியாபாரி மகள் போட்டோ எடுக்கிறாள், சரி. வீடியோ எடுக்கிறாள், அதுவும் சரி. ஊராரை நிறுத்திவைத்து, நடக்காததை நடக்கிற மாதிரி நடிக்கவைத்து, அதற்குக் கலை என்று பெயர் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்? அவளுக்கோ அதில்தான் அத்தனை சந்தோஷம்.

சென்னையில் அவளுடைய முதல் கண்காட்சி. அதற்காக அகரம் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தை அவளே உண்டாக்கினாள். புளியங்களத்துக்கு மண்பாதை பிரிகிற முனையில் எந்தப் பஸ்ஸும் நின்றதில்லை. பூப்பறிக்கிற பெண்கள் கூடையைச் சுமந்துகொண்டு பஸ் ஏற அகரம் வரை நடப்பார்கள். அந்த முனையில் மஞ்சள் பலகை ஒன்றை நட்டு, ‘புளியங்களம் விலக்கு’ என்று எழுதினாள். பெண்கள் மல்லிகைக் கூடையோடு அதனடியில், வராத பஸ்ஸுக்காக அசையாமல் காத்து நிற்க வேண்டும். நடுவில் நிறுத்தாமல் எடுக்கிற வீடியோ. கண்காட்சியில் அதை ஓடவிட்டு, பக்கத்தில் இதே பலகையையும் நிறுத்தப்போகிறாள்.

“எம்புட்டு நேரம் நிக்கணும், தாயி?” என்று கேட்டாள் அந்தப் பெண்களில் மூத்தவளான ஜக்கம்மாள்.

“நான் சொல்ற வரைக்கும்க்கா. என்ன நடந்தாலும் அசையக் கூடாது.”

“செலையாட்டம் நிக்கிறோம், போ.”

நின்றார்கள். படம் அற்புதமாக வந்துகொண்டிருந்தது. ஃபர்ஹீன் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டாள். அப்போதுதான் எமன் மாதிரி வந்தது டவுன் பஸ். தினமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கிற பஸ், பலகையைப் பார்த்ததும் பெண்களுக்கு முன்னால் வந்து நின்றது.

ஒருத்தியும் அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களாம்!

“ஏறுறீங்களா இல்லையா? போர்டை வச்சுட்டுச் சும்மா நின்னா என்னம்மா அர்த்தம்?” என்று கத்தினார் கண்டக்டர்.

ஜக்கம்மாளின் கண்கள் மட்டும் பஸ் படியைப் பார்த்தன, பிறகு ஃபர்ஹீனைப் பார்த்தன. ஃபர்ஹீன் கேமராவைப் பார்த்தாள். செத்த நேரம் பேசாமல் இருந்தால் போதும். யாரையும் ஏற்றாமல் கிளம்பிப் போகிற பஸ், ஏறாமல் நிற்கிற பெண்கள்: இதைவிடப் பெரிய படம் ஆயுசுக்கும் கிடைக்காது.

“ஏறுங்கக்கா! எல்லாரும் ஏறுங்க!” என்று ஃபர்ஹீனே கத்திவிட்டாள்.

கூடையும் சிரிப்புமாக அத்தனை பேரும் ஏறிக்கொண்டார்கள். கேமராவில் மிஞ்சியது புழுதியும் பலகையும்தான். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது.

மறுநாளும் பஸ் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. பலகையைப் பிடுங்கிப்போக ஃபர்ஹீன் வேனோடு வந்தபோது, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள்.

“எடுத்துட்டுப் போகவா வந்த?” ஜக்கம்மாளின் குரல் இறங்கிவிட்டது. “இது இல்லாட்டி பஸ்ஸு நிக்காதே, தாயி.”

“இல்லக்கா, ஆடாம இருக்கான்னு பாக்க வந்தேன்” என்று கூசாமல் பொய் சொன்னாள் ஃபர்ஹீன். வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜக்கம்மாளோடு பஸ்ஸில் ஏறினாள்.

கண்காட்சியில், பெண்கள் ஏறிப்போகிற வீடியோ ஓடியது. பக்கத்தில் பலகைக்கென்று விட்ட இடம் வெறுமனே கிடந்தது. அங்கே சுவரில் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தாள்: ‘பலகை வேலைக்குப் போயிருக்கிறது.’