குருவி முத்திரை

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை அவர்கள் ஒரு நாளும் ஓய விட்டதில்லை. அதிக விலை கொடுத்து வாங்கிய கருவியில் வேலை உசத்தியாக வருமா, மலிவானதே போதுமா என்பதுதான் சண்டை. இருவரும் ஒரே தச்சுப்பட்டறையில் கூட்டாளிகள். மூத்தவரின் தங்கையைக் கட்டியவர் இளையவர். அதனால் அவர் மாப்பிள்ளை. தலை முழுக்க நரைத்து, பேரப்பிள்ளையும் எடுத்த பிறகும் மரக்கடைக்காரர் முதல் எதிர்வீட்டுக் குழந்தைகள் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

சண்டைக்குக் காரணம் ஓர் இழைப்புளி, மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி. இளவயதில் மச்சான் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போனார். போகிற வழியில் ஒரு கருவிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்துவிட்டார். கடல் கடந்து வந்த சரக்கு. இரும்பு உடம்பு, கைக்குள் பொருந்துகிற மாதிரி வளைந்த மரப்பிடி, பித்தளைத் திருகு. உடம்பிலும் உள்ளே இருக்கும் பிளேடிலும் சின்னதாக ஒரு குருவி முத்திரை. ஸ்கூட்டர் வாங்கப் போனவர் அதைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார்.

"இதுமேல ஏறி உக்காந்தா வீட்டுல கொண்டு போய் விடுமா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது.

மறுவாரமே மாப்பிள்ளை சந்தையில் தேடிப் பிடித்து, அதே அச்சில் வார்த்த நகல் ஒன்றை வாங்கி வந்தார். திருகு ஆடும். மேல் பூச்சு கையில் ஒட்டும். ஆனால் அளவு அச்சு அசல் அதேதான். விலையோ, மச்சானுடையதில் இருந்த பித்தளைத் திருகை வாங்கக்கூடக் காணாத விலை. இரண்டையும் வேலை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்களுது குருவிக்குத்தான் காசு" என்றார். அதிலிருந்து மச்சானின் இழைப்புளிக்குக் குருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பட்டறையில் ஒரு ஏற்பாடு இருந்தது. அளவெடுப்பது, கோடு போடுவது, பசை காய்ச்சுவது எல்லாம் மாப்பிள்ளை. தீட்டுவது மட்டும் மச்சான். ஆரம்பத்தில் ஒருமுறை மாப்பிள்ளை ஓர் உளியைத் தீட்டப் போய் அதன் முனையைக் கரண்டி மாதிரி ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு தீட்டுக்கல்லின் பக்கம் போக மச்சான் அவரை விட்டதே இல்லை. தினமும் காலையில் கதவு திறந்ததும் மச்சான் கல்லில் எண்ணெய் விட்டு உட்கார்வார். இரண்டு இழைப்புளிகளின் பிளேடுகளையும் கழற்றி, தீட்டி, முன்கை மயிரில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டி வைப்பார். மாப்பிள்ளை டீ வாங்கி வரும்போது வேலைக்கு எல்லாம் தயாராக இருக்கும். தன் இழைப்புளியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்த்தது கிடையாது. தேவையும் வரவில்லை.

இடையில் மாப்பிள்ளை சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கே வீம்பாகப் பட்டறைக்கு வந்து ஒரு பலகையை இழைத்தார். இரண்டு தள்ளு தள்ளுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டார். இனி இந்தத் தொழிலே அவ்வளவுதானோ என்று அன்றைக்கு உண்மையிலேயே பயந்துபோனார். மறுநாள் வந்து தயங்கித் தயங்கிப் பிடியில் கை வைத்தால், இழைப்புளி வழுக்கிக்கொண்டு ஓடியது. சீவல் நீள நீளமாகச் சுருண்டு விழுந்தது. கை பழையபடி ஆகிவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியுமா? உடைந்த கையும் மலிவு இழைப்புளியும் சேர்ந்தே குருவிக்குச் சமம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்தார். இரண்டு சீவலையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். அவருடையது கொஞ்சம் மெல்லியதாகவே இருக்கும். மச்சான் மறுத்துப் பேசுவார், ஆனால் அடித்துப் பேசமாட்டார். கடைசியில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் குருவியைத் தள்ளிக்கொண்டு போவார். தள்ளும்போது லேசாக முனகுவார். வயசாகிறது என்று மாப்பிள்ளை கேலி செய்வார்.

இப்போது உண்மையாகவே வயதாகிவிட்டது. மச்சானுக்குக் கண் மங்கிவிட்டது. சில மாதமாகத் தீட்டுவதும் இல்லை. மனைவியை இழந்தவர் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று தொலைவில் இருக்கும் மகள் வந்து அழைத்தாள். கிளம்ப நாள் குறித்தாயிற்று. ஒரு மாலை மச்சான் குருவியைத் துடைத்து மேஜையில் வைத்து, இதை நீயே வைத்துக்கொள் என்றார்.

மாப்பிள்ளைக்குப் பிரிவை நினைக்கவே முடியவில்லை. ஆனால் வாயில் பழைய பேச்சுதான் வந்தது. "எனக்கெதுக்கு மச்சான் அலங்காரச் சாமான்? என்னுதே போதும்."

மச்சான் துடைத்த துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் சின்னதாகிப் போனதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சொன்னதைத் திரும்ப விழுங்க வழியில்லை.  மச்சானை மனத்தாங்கலோடு அனுப்பக்கூடாது என்று ஒரு சாய்வு நாற்காலி செய்ய உட்கார்ந்தார். மச்சான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் தினமும் கை வைத்து உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை. மச்சானுக்குத் தெரியாமல், அவர் டாக்டரிடமும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிற நேரமாகப் பார்த்து வேலை செய்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கைப்பிடிகள் மட்டும் பாக்கி. மரத்தின் வரி எதிரும் புதிருமாக ஓடுகிற பலகை அது. மாதக்கணக்கில் தீட்டாத இழைப்புளி வைத்த இடத்திலெல்லாம் மரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. எப்படியாவது தீட்டிக்கொடுங்கள் என்று மச்சானைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் முறையாக, மாப்பிள்ளை தன் இழைப்புளியைத் தானே பிரித்தார்.

பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடியைத் தூக்கியதும் எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஏதோ தெரிந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். குருவி.

ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. பிறகு மச்சானின் இழைப்புளியை இழுத்து அதையும் பிரித்தார். உள்ளே முத்திரை இல்லாத பிளேடு. சந்தையில் வாங்கியது. தீட்டித் தீட்டித் தேய்ந்து, ஒரு விரல் நீளத்துக்கு வந்திருந்தது. நல்ல இரும்பாக இருந்திருந்தால் இவ்வளவு தீட்டியிருக்க வேண்டாம்.

இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவர் மனைவி அண்ணனின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிளேடுகளை அவள் முன்னால் வைத்தார். அவள் பார்த்துவிட்டு மறுபடி சட்டையை மடித்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"உங்க கட்டைப் பிரிச்ச மறுநாளே தெரியும். அண்ணன் சொல்லுச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதை எடுத்து வெளிய வச்சிட்டு, வலிக்குற கையோட பழையதையே தள்ளியிருப்பீங்க. உங்க ரோஷம் எனக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாப்பிடும்போது நீங்க பீத்திக்கிறப்பல்லாம் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது.

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் தன் கை என்று நினைத்தது பாதி மச்சானுடையது. வயசு என்று கேலி செய்த முனகல், தன்னுடைய மட்ட இரும்பை அவர் தள்ளிய பாடு. நாளைக்குப் பட்டறையில் மச்சான் இருக்கமாட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

பட்டறைக்குத் திரும்பி, கல்லில் எண்ணெய் விட்டு, மச்சான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு பிளேடையும் தன்னால் முடிந்த மட்டும் தீட்டினார். எது எந்த இழைப்புளியில் இருந்ததோ அதிலேயே மாட்டினார். வலது கைப்பிடியைத் தன் இழைப்புளியில் இழைத்தார், இடதைக் குருவியில்.

காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை நாற்காலியைத் தூக்கி வந்து நடைபாதையில் வைத்து, மச்சானை அதில் உட்காரவைத்தார். மச்சான் முதுகைச் சாய்த்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு இரண்டு கைகளாலும் கைப்பிடிகளை மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் இரண்டு கையும் நின்றது.

"இங்க ஒரு கோடு ஓடுது."

"ஆமா மச்சான்."

"ரெண்டு பக்கமும் ஓடுது. யாரு தீட்டினது?"

"நான்தான்."

சரியாகத் தீட்டாத பிளேடு விட்டுப்போன அந்தக் கோட்டின் மேலேயே மச்சானின் விரல் இருந்தது. மாப்பிள்ளை தீட்டினார் என்றால் பிரித்தார், பிரித்தார் என்றால் பார்த்துவிட்டார். கண் மங்கினாலும் கணக்கு மங்கவில்லை. "அப்ப பாத்துட்ட" என்றார்.

மாப்பிள்ளை நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "குருவியை நானே வச்சுக்கறேன் மச்சான். அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன். அந்த இரும்புக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும்."

"தகாது."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"இத்தனை வருஷமா உன் சந்தை இரும்புலதான் நான் இழைச்சேன். யாராவது ஒரு குறை சொன்னாங்களா? நீ சொன்னதுதான் சரி. நான் ஸ்கூட்டரே வாங்கியிருக்கணும்."

"உங்க கை நல்ல கை. எதுல வேணா இழைக்கும். என் கைக்கு அதுதான் சோறு போட்டுச்சு. நான் சொல்றேன், தகும்."

"அன்னைக்கு நீதானே தகாதுன்ன?"

"அன்னைக்கு எனக்கு அறிவில்லை."

"இன்னைக்கு மட்டும் வந்துடுச்சாக்கும்?"

மகள் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். டிரைவரும் மாப்பிள்ளையுமாக நாற்காலியை வேனின் பின்பக்கம் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். மச்சானின் தங்கை அவர் கையைப் பிடித்து முன் இருக்கையில் ஏற்றிவிட்டு, பிடித்த கையை விட மனமில்லாமல் நின்றாள். மச்சான் ஜன்னல் வழியாக வாதத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார். தீட்டும்போது கல்லின் ஓரத்தையும் சேர்த்து உபயோகி, நடுவிலேயே தேய்த்தால் குழி விழும் என்றும் சொன்னார். எப்படித் தீட்டுவது என்று அவர் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வேன் நகர்ந்தது. மாப்பிள்ளை கூடவே நாலு எட்டு ஓடினார். "தகும் மச்சான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

ஜன்னலிலிருந்து மச்சானின் கை வெளியே வந்தது. இல்லை, இல்லை என்று முனை திரும்பும் வரை ஆட்டிக்கொண்டே போனது.