தங்கவேல் தூக்கிய கை

சைதாப்பேட்டையில் எங்கள் வார்டு கவுன்சிலர் யாரென்று கேட்டால் என் கணவர் தங்கவேலைத்தான் காட்டுவார்கள். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் போஸ்டரில் மட்டும் என் முகம். மண்டலக் கூட்டத்தில் நாற்காலி எனக்கு. வாக்கெடுப்பு என்றால் பின்வரிசையிலிருந்து கை தூக்குவது அவர். அதையே என் வாக்காக எண்ணிக்கொள்வார்கள். இத்தனை காலம் யாரும் வாய் திறந்ததில்லை, நானும்தான்.

அன்றைய தீர்மானம், ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் தெருவைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்புவது. என் அம்மா வீடும் அதில் போகும்.

"கம்முனு உக்காரு பொன்மணி. அடுத்த தடவ இது பொது வார்டு. இது பாஸானா கட்சில எனக்கு சீட்டு தர்றேன்னு சொல்லிக்கீறாங்க," என்று கூட்ட அறை வாசலிலேயே சொல்லிவிட்டார்.

தீர்மானம் நிறைவேற ஒரு வாக்குதான் குறைந்தது. பின்னாலிருந்து தங்கவேல் கை தூக்கினார்.

"உறுப்பினர்கள் மட்டும்தான் கை தூக்கணும்," என்றார் மண்டல அதிகாரி நிஷா.

நிஷா மேடத்தை டெல்லிக்கு வரச்சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டிருந்தது. விடமாட்டோம் என்று கோட்டையில் மாநில அரசு அவரை அனுப்பாமல் வைத்திருந்தது. அவர் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்று ஆபீஸே கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

"மேடம், உங்க போஸ்டிங் இங்க கீதோ டெல்லில கீதோன்னே தெரில. நீங்க எங்களுக்கு ரூல் சொல்றீங்களா?" என்றார் தங்கவேல்.

அறையே சிரித்தது. மேடம் முகம் சிறுத்துவிட்டது. கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

"சரி, எண்ணிக்கங்க," என்றார் மண்டலக் குழுத் தலைவர்.

நான் எழுந்தேன்.

"அது என் கை இல்ல. என் கை கீழதான் கீது. இந்தத் தீர்மானம் எனக்கு வேணாம்."

தலைவர் பழக்கதோஷத்தில் தங்கவேலைப் பார்த்தார்.

"அங்க இன்னா பாக்குறீங்க தலைவரே? என்னப் பாருங்க."

தீர்மானம் தோற்றது.

வெளியே பைக் அருகே தங்கவேல் உறுமினார். "என் சீட்டுல மண்ண அள்ளிப் போட்டுட்டியே. பொது வார்டுல இனிமே நான் எப்புடி நிப்பேன்?"

"பொதுன்னா பொம்பளையும் நிக்கலாம்ல?"

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். கேட்கும்வரை எனக்கும் அது தோன்றியதில்லை.