விழாத விமானம்

எங்கள் காலனி முனையில் என் முகம் ஒரு மாடி உயரத்துக்கு நிற்கிறது. தோளில் ஏவுகணைக் குழாய், பின்னால் தீப்பிடித்து விழுகிற விமானம். முகமும் குழாயும் நிஜம். பயிற்சியின்போது எடுத்த படம். விமானம், காஞ்சிபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் தனுஷின் கைவரிசை.

"பின்னாடி காலியா இருந்துதுபா. சப்புன்னு இருந்துது. அதான் ஒரு பிளேனை எரிய வுட்டேன்," என்றான் பெருமையாக.

கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நான் லீவில் வந்து இறங்குவதற்குள் ஊரே அதைப் படித்துவிட்டது. 'எதிரி விமானத்தை வீழ்த்திய எங்கள் சிங்கம் சத்யராஜ்.' சிங்கம் எதையும் வீழ்த்தவில்லை.

நடந்தது இதுதான். எல்லையில் ஒரு மேட்டில் காவல் இருந்தோம். வெளிச்சம் மங்கும் நேரம், எதிரி ஹெலிகாப்டர் வருகிறது, அடி என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. குழாயைத் தோளில் ஏற்றி, பேட்டரியை முடுக்கினேன். முடுக்கிவிட்டால் நிறுத்த முடியாது. ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் சுட்டாக வேண்டும், இல்லையென்றால் பேட்டரி வீண். இலக்கு பிடிபட்டுவிட்டது என்று காதில் ரீங்காரம் கேட்டது. விரலை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஹெலிகாப்டர் லேசாகத் திரும்பியது. அந்த வாலை எனக்குத் தெரியும். வழி மாறி வந்த நம்முடைய ஹெலிகாப்டர். நான் அழுத்தவில்லை. ரீங்காரம் தேய்ந்து நின்றது. எங்கள் தலைக்கு மேலேயே போய் அது இறங்கியது. உள்ளே அடிபட்ட ஜவான்கள் படுத்திருந்தார்களாம்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்து குழந்தை மாதிரி அழுதேன். அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்றேன். அப்பா வாயில் போனது டீக்கடையில்தான் வந்து நிற்கும்.

இப்போது அம்மன் திருவிழா. வருடாவருடம் பல்லக்கு எங்கள் முனை வரைக்கும் வரும். அங்கிருந்து பெரிய தெருவுக்குத் திரும்பிவிடும். காலனிக்குள் வந்ததே இல்லை. என் அப்பா தனசேகரன் பிறந்ததிலிருந்து அந்த முனையில் நின்றுதான் கும்பிட்டிருக்கிறார். இந்த வருடம் தர்மகர்த்தா திருஞானசம்பந்தமே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தேசத்தைக் காப்பாத்துன புள்ள இருக்கிற தெரு. அம்மன் உள்ள வரணும்னு முடிவு பண்ணிக்கிறோம்," என்றார். உட்காரவில்லை.

அப்பா பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்கு லீவு போட்டுவிட்டார். ஊதாக் கறை போகாத கைகளால் தெரு முழுக்கத் தானே பெருக்கினார்.

"பா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"திருவிழா முடியட்டும்டா." துடைப்பத்தோடு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் கேட்டேன். தோரணம் கட்டணும் என்று ஏணியில் ஏறிவிட்டார். தெருவில் ஒவ்வொரு கோலமாக விழுந்தது. ஒவ்வொன்றும் என் வாயை அடைத்தது.

பல்லக்கு முனைக்கு வந்து நின்றது. மேளம் ஓய்ந்தது. தர்மகர்த்தா என் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டினார். பெரிய தெரு ஆட்கள் சிலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

"மொதல்ல அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் பல்லக்கைத் திருப்பலாம்," என்றார் வீராசாமி, அவர்களில் ஒருவர்.

மைக் என் கைக்கு வந்தது. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுப்பா. எதிரி பிளேன் எப்படி விழுந்துது?" என்றார் தர்மகர்த்தா.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பல்லக்கு வந்த வழியே போய்விடும். எல்லையில் எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. காலனி மொத்தமும் தேங்காய்த் தட்டோடு என்னையே பார்த்தது. அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பல்லக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே அடிதாங்க," என்றேன். "எரிஞ்சுக்கினே விழுந்துது."

விசில் பறந்தது. பல்லக்கு எங்கள் தெருவுக்குள் திரும்பியது. ஆசீர்வாதம் வாங்க வந்த கிழவிகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அம்மன் திரும்பிப் போன பிறகு, ஃப்ளெக்ஸுக்குக் கீழே அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பரிவட்டத்தை அவிழ்த்து அவர் மடியில் வைத்தேன்.

"பா, நான் சொன்னது பொய்."

"தெரியும்டா," என்றார். "நீ போன் பண்ண அன்னிக்கே உங்கம்மா சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா என்னைப் பேச வுடல?"

அப்பா பரிவட்டத்தை நிதானமாக மடித்தார். "சுடாம உசுரைக் காப்பாத்தினேன்னு நீ சொல்லியிருந்தா, அம்மனை உள்ள வுட்டிருப்பானுங்களா?"

பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியில் ஏறி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தேன். அப்பா என் காலைப் பிடித்து நிறுத்தினார்.

"அதை அவுக்காத. அடுத்த வருசமும் அம்மன் வரணும்."